மின்கம்பம் வராத வீட்டுக்கு ஓடிபி வந்துவிட்டது

கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கூடலூர், பந்தலூர் பக்கம் வந்தால், தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டே இ-சேவை மையத்தின் முன் நிற்கும் மாணவர்களைப் பார்க்கலாம். கையில் பாலித்தீன் பையில் சுற்றிய கோப்பு. அதற்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. மின்சாரம் இருக்கும்போது சர்வர் இருக்காது. சர்வர் எழுந்து உட்காரும்போது மின்சாரம் போய்விடும். இரண்டும் சேர்ந்து வாய்க்கிற அந்த ஐந்து நிமிடத்தில், ஓடிபி போய்ச் சேர வேண்டிய கைபேசி திருப்பூரில் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். அப்பா பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருப்பார். அவர் டீ குடிக்க வெளியே வந்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும்.

கல்வியில் தொழில்நுட்பம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் ஸ்மார்ட் போர்டைக் காட்டுகிறார்கள். நாங்கள் இந்த வரிசையைக் காட்டுகிறோம். எங்கள் மலையில் தொழில்நுட்பம் வகுப்பறைக்குள் ஆசிரியராக வந்து சேருவதற்கு முன்பே அலுவலக வாசலில் காவலாளியாக வந்து நின்றுவிட்டது. நீ யார், உன் சாதி என்ன, உன் அப்பன் சம்பளம் எவ்வளவு, நிரூபி என்கிறது. இவற்றில் பெரும்பாலானவை அரசுக்கு ஏற்கனவே தெரியும். தெரிந்ததையே திரும்பத் திரும்ப நம்மைக் கொண்டு நிரூபிக்க வைப்பதற்குப் பெயர் டிஜிட்டல் நிர்வாகம் என்றால், அந்தப் பெயரை நாம் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

முதலில் இங்கே இருப்பவர்கள் யார் என்று பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. அதில் பட்டியல் சாதியினர் 32 சதவீதம். தமிழ்நாட்டில் திருவாரூருக்கு அடுத்த அதிக விகிதம் இங்கேதான். சுற்றுலா விளம்பரங்களில் ஊட்டி என்றால் மலர்க் கண்காட்சியும் மலை ரயிலும். அந்தப் படங்களின் பின்னணியில் பச்சையாகத் தெரிகிற தேயிலைச் சரிவில் குனிந்து நிற்பவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். மக்களவைத் தொகுதியும், கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிகளாக இருப்பது இந்தக் கணக்கினால்தான்.

இவர்களில் ஒரு பெரும் பிரிவு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையையும் ரப்பரையும் வளர்த்தவர்களிடம், இங்கே பிறந்தாய் என்பதற்கு என்ன பத்திரம் வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? பிறகு 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் எங்கள் தாத்தா பாட்டிகளைப் பங்கு போட்டுக்கொண்டன. அந்த மீதியையும் 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டு, குடும்ப அட்டை ஒன்றைக் கையில் வாங்கி இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே காட்டைத் திருத்தித் தேயிலை நட்டு உருவாக்கப்பட்டதுதான் இன்று டேன்டீ என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்.

ஆகவே காகிதம் இல்லாததால் துரத்தப்படுவது என்பது எங்கள் வீடுகளில் மூன்று தலைமுறைக் கதை. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’ என்று இனம் எழுதியிருக்கும், சாதி எழுதியிருக்காது. ஆனால் லயத்தில் சாதி இருந்தது. யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது, யார் கோயிலில் பறை அடிப்பது என்பதெல்லாம் கப்பலேறிப் போய்க் கப்பலேறித் திரும்பி வந்தது. இங்கே வந்த பிறகு சான்றிதழ் என்று போய் நின்றால், உன் பூர்வீகம் எந்த ஊர், அந்த ஊர் விஏஓவிடம் எழுதி வாங்கி வா என்கிறார்கள். தாத்தாவின் தாத்தா திருச்சியோ புதுக்கோட்டையோ, அங்கிருந்து பஞ்சம் பிழைக்கப் போனார் என்பது மட்டும் வாய்வழி தெரியும். அந்த ஊரில் அவர் பேரைச் சொன்னால் அடையாளம் காட்ட யார் இருக்கிறார்கள்? அவமானப்படுத்தும்போது எல்லோருக்கும் தெரிகிற சாதி, சான்றிதழ் கேட்கும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

இந்தப் பழைய சிக்கலின் மேல்தான் புதிய மென்பொருள் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்பு தாசில்தார் அலுவலகத்தில் இழுத்தடித்தார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருப்பார். சங்கத் தோழர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போடலாம். இப்போது திரையில் ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்று வருகிறது. திரையோடு யார் சண்டை போடுவது?

உதவித்தொகை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் தம்பி தங்கைகள் பலருக்கு, தாங்கள் எங்கே சறுக்கினோம் என்பதே தெரியாமல் படிப்பு நின்றுபோகிறது. 2012இல் வந்த அரசாணை எண் 92இன் பலன் நம்மில் பலருக்குத் தெரியும். சுயநிதிக் கல்லூரியில் படிக்கிற ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றானது. வெளுத்த சட்டை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாமல் பொறியியல் கல்லூரிக்குள் நம் பிள்ளைகள் போனது அதனால்தான். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை மாற்றியமைத்தது. செலவில் 60 சதவீதம் ஒன்றிய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. ஒன்றியத்தின் பங்கு நேரடியாக மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு வரும். அதை மாணவர் எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும்.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. மாணவர் பெயரில் போலிக் கணக்கு காட்டி உதவித்தொகையை விழுங்கிய கல்லூரிகள் நாடு முழுக்க உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் அப்படி நடந்த ஊழலை சிபிஐ விசாரிக்கும் அளவுக்குப் போனது. பணம் நம் கணக்குக்கு வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பணம் வரும் பாதையில் எத்தனை பூட்டு என்று எண்ணிப் பாருங்கள். ஆதாரில் ‘எஸ். செல்வி’ என்றும் மாற்றுச் சான்றிதழில் ‘செல்வி எஸ்’ என்றும் இருந்தால் ஒரு பூட்டு. ஆதாரோடு இணைத்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அது வேறு யாருக்கோ போயிருந்தால் இன்னொரு பூட்டு. ஒருவருக்கு இரண்டு மூன்று வங்கிக் கணக்கு இருந்தால், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தாரோ அங்கேதான் பணம் போகும். விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணுக்கு இதில் மதிப்பில்லை.

இது சின்ன விஷயமில்லை. 2017இல் சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்க்க வந்தவர்களுக்கு, அவர்களுக்கே தெரியாமல் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு திறக்கப்பட்டு, எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்த விவகாரம் வெடித்தது. ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமத்தையே அப்போது நிறுத்திவைத்தது. ஊரெல்லாம் தெரிந்தவர்களுக்கே அந்தக் கதி. ‘பணம் போட்டாச்சு’ என்று இணையதளம் சொல்கிறது, ‘வரவில்லை’ என்று மாணவி சொல்கிறாள், ‘கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை’ என்று கல்லூரி சொல்கிறது. மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போவது மட்டும் மாணவி.

இதற்கு நேர் எதிராக ஒரு திட்டம் இதே மாநிலத்தில் நடக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அந்தப் பெண் எந்தப் பள்ளியில் படித்தாள் என்பதை எமிஸ் பதிவேட்டை வைத்து அரசே சரிபார்த்துக்கொள்கிறது. வருமானச் சான்று கிடையாது, சாதிச் சான்று கிடையாது. வங்கிக் கணக்குச் சிக்கல்கள் அதிலும் உண்டு என்றாலும், தகுதியை நிரூபிக்கும் சுமை மாணவியின் தலையிலிருந்து அரசின் தலைக்கு மாறியிருக்கிறது.

ஆக, முடியும். அதே எமிஸில் ஒவ்வொரு குழந்தையின் சமூகப் பிரிவும் பதிவாகியிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் அந்த எண் யுமிஸ் என்ற உயர்கல்விப் பதிவேட்டோடு இணைகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் அரசின் பதிவேட்டில் பட்டியல் சாதி என்று இருந்த பிள்ளை, பதின்மூன்றாம் ஆண்டு உதவித்தொகை கேட்கும்போது மட்டும் சந்தேகத்துக்குரியவளாக மாறுவது எப்படி?

வருமானச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்று காட்ட வேண்டும். டேன்டீ என்பது தமிழ்நாடு அரசின் நிறுவனம். அங்கே கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குச் சம்பளம் போடுவது அரசு. பிஎஃப் பிடிப்பது அரசு. எத்தனை கிலோ பறித்தாள், எத்தனை நாள் பெயர் விழுந்தது என்பது வரை கணக்கு வைத்திருப்பது அரசு. அதே அம்மாவின் மகள், தன் அம்மாவுக்கு அரசு எவ்வளவு சம்பளம் கொடுக்கிறது என்பதை அரசின் விஏஓவிடம் விண்ணப்பித்து, அரசின் தாசில்தார் கையெழுத்தில் வாங்கி, அரசின் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். இதில் ஒரு நாள் கூலி போகும். பந்தலூர் வட்டத்தின் ஒரு மூலையில் இருந்து பேருந்துக்கு அலைந்தால் இரண்டு நாள் கூலி போகும். தொழில்நுட்பத்தின் வேலையே இப்படிப்பட்ட அலைச்சலைத் துடைப்பதுதானே? டேன்டீ சம்பளப் பட்டியலை வருவாய்த் துறையோடு இணைக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். மனசு வேண்டும்.

இனி மின்கம்பத்துக்கு வருவோம். கூடலூர் ஜென்ம நிலங்கள் பற்றி வெளியூர்த் தோழர்கள் பலருக்குத் தெரியாது. நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம உரிமையை ஒழிக்க 1969இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் 17ஆம் பிரிவின் கீழ் வருகிற குத்தகை நிலங்கள் யாருக்கு என்பது தலைமுறைகளாக வழக்கிலும் கோப்பிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. காடா, எஸ்டேட்டா, குடியிருப்பா என்ற சண்டையில், அந்த நிலத்தில் வீடு கட்டிய ஏழைக் குடும்பங்கள் மின் இணைப்புக்காகப் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய எஸ்டேட்டின் தொழிற்சாலையில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. அதே மலைச்சரிவில் இருக்கும் குடிசைக்குச் சட்டச் சிக்கல். வாக்காளர் அட்டை உண்டு, ரேஷன் உண்டு, ஆதார் உண்டு, பிள்ளைக்கு எமிஸ் எண்ணும் உண்டு. கரண்ட் மட்டும் இல்லை.

கைபேசியைச் சார்ஜ் போடப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போகிற வீட்டில் ‘வீட்டில் கற்போம்’ என்றால் என்ன பொருள்? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்தக் காலத்தில் சிக்னல் தேடி மேட்டின் உச்சிக்கும், பாறை விளிம்புக்கும், யானை நடமாடும் தேயிலைக் காட்டுக்கும் போன பிள்ளைகளை இம்மலையில் எல்லோரும் பார்த்தோம். நாடு முழுவதும் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை வெறும் 4.4 சதவீதம், இணைய வசதி இருந்தவை 14.9 சதவீதம் என்று 2017–18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வு சொல்லியிருந்தது. அதாவது பெருந்தொற்று வருவதற்கு முன்பே அரசின் கையில் இந்தக் கணக்கு இருந்தது. தெரிந்தேதான் பாடத்தைத் திரைக்கு மாற்றினார்கள்.

கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கினால் மலப்புரம் மாவட்டம். 2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் தொலைக்காட்சி வழி வகுப்புகள் தொடங்கிய முதல் நாளிலேயே, அந்த மாவட்டத்தின் வளாஞ்சேரி அருகே ஒரு தலித் பள்ளி மாணவியை இழந்தோம். அப்பா தினக்கூலி. வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகி இருந்தது; ஸ்மார்ட்போன் இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. அதன் பிறகுதான் கேரளத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்துத் தொலைக்காட்சியும் கைபேசியும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் வேகம் பிடித்தது. எழுத்தறிவில் முதலிடம், இணையத்தில் முதலிடம் என்று பெயரெடுத்த மாநிலத்திலேயே, கடைசி வீட்டை எண்ணாமல் திட்டம் போட்டால் கடைசி வீட்டில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துபோயிற்று.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த அளவு இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் மரம் விழுந்து கம்பி அறுந்து நாட்கணக்கில் இருட்டில் கிடக்கிற ஊர்கள் இங்கே உண்டு. இந்த மாதங்களில் கடைசித் தேதி வைக்கிற இணையதள விண்ணப்பம் எதுவானாலும், அது சமவெளியில் உட்கார்ந்து போட்ட தேதி. மலை வட்டங்களுக்குத் தனிக் கால அவகாசம் என்பது சலுகை ஆகாது. வானிலை அறிக்கையைப் படித்தவர்கள் செய்ய வேண்டிய சாதாரண வேலை.

வகுப்பறைக்குள் வந்த தொழில்நுட்பத்தைப் பற்றியும் நியாயமாகப் பேசுவோம். தமிழ்நாட்டில் 22,931 தொடக்கப் பள்ளி வகுப்பறைகளைத் திறன்மிகு வகுப்பறைகளாக்கும் திட்டமும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டும் சாதாரண முதலீடு இல்லை. தமிழில் பாடங்களைக் காணொளியாக்கிய மணற்கேணி செயலி நல்ல முயற்சி. ஊட்டியின் பெயர்போன உறைவிடப் பள்ளிகளில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கிற ஆய்வகப் படம், எஸ்டேட் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்று ஓடுகிற மலைப்பள்ளியை நினைத்துப் பாருங்கள். வருகைப் பதிவு செயலியில், மதிய உணவுக் கணக்கு செயலியில், மதிப்பீடு செயலியில், பயிற்சி செயலியில். நெட்வொர்க் கிடைக்கும் மூலையைத் தேடி ஓர் ஆசிரியர் வராந்தாவில் நின்றால், ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். பதிவேடு எழுதினால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலையைச் செயலி ஒரு பீரியடாக்கிவிட்டது என்று ஆசிரியர்கள் புலம்புவதை நாங்கள் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட மாட்டோம். அதைவிட ஆபத்தான இன்னொன்று உண்டு. மலைக்கு மாற்றல் வாங்கி வர ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். காலியிடம் காலியாகவே கிடக்கிறது. அந்தக் காலியிடத்தில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, ‘இயற்பியலுக்குத்தான் வீடியோ இருக்கிறதே’ என்று யாராவது சொல்லத் தொடங்கினால் உஷாராகிவிடுங்கள். பணக்காரப் பள்ளியில் திரை ஆசிரியருக்குத் துணையாக இருக்கும். நம் பள்ளியில் அது ஆசிரியருக்குப் பதிலாக வந்து நிற்கும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குச் சந்தேகம் கேட்க ஒரு மனித முகம் வேண்டும். காணொளியை நிறுத்தி ‘அக்கா, புரியலை’ என்று சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது தொழில்நுட்பம் நம்மிடம் வந்து சேராத பிரச்சினை. அது சரியாக வந்து சேர்ந்து, நம்மைக் காட்டிக்கொடுக்கிற பிரச்சினையும் இருக்கிறது. அதைப் பற்றி நம் இயக்கங்களிலேயே குறைவாகத்தான் பேசுகிறோம்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். ‘கீழ்க்கண்ட எஸ்சி, எஸ்டி மாணவர்கள் உடனே உதவித்தொகை ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும்.’ கீழே பெயர், உட்சாதி, கைபேசி எண், சில வேளைகளில் வங்கிக் கணக்கு எண்ணும். அறுபது பேர் இருக்கிற குழு. அதுவரை யாருக்கும் சொல்லாமல் இருந்த பிள்ளையின் சாதி ஒரே நொடியில் அறுபது கைபேசிகளில் சேமிக்கப்பட்டுவிடுகிறது. முன்பு வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வார்கள்; அந்த அவமானம் மணி அடித்தால் முடியும். பிடிஎஃப் அழியாது. அதை அனுப்பிய எழுத்தர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டியல் வருகிறது, அனுப்புகிறார். சாதி எப்போதும் இப்படித்தான், யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படாமலே வேலை செய்யும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி தொடர்பான விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய தகவலை மாணவரிடம் தனியாகத்தான் தெரிவிக்க வேண்டும் என்ற பொருளில் அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. கைக்கயிறு பற்றிய பரிந்துரைக்குத் தொலைக்காட்சிகளில் நடந்த விவாதத்தில் கால்வாசிகூட இவற்றுக்கு நடக்கவில்லை. அந்தப் பரிந்துரைகளை வாட்ஸ்அப் குழுவுக்கும், எமிஸ் திரைக்கும், கல்லூரி மென்பொருளுக்கும் நீட்ட வேண்டும் என்று கேட்பது நம் தலைமுறையின் வேலை. வகுப்பாசிரியரின் திரையில் சாதிக் கட்டம் எதற்கு? உதவித்தொகை அலுவலர் ஒருவருக்குத் தெரிந்தால் போதாதா? மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டு போடுவது, உலகத்தில் எந்த அலுவலகத்திலும் இருக்கிற சாதாரண வசதி.

சட்டமும் இங்கே நம்மைக் கைவிட்டிருக்கிறது. 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் ‘சாதி அல்லது பழங்குடி’ என்பது உணர்திறன் மிக்க தரவு என்று தனி வகையில் இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. உடல்நலம், மதம், சாதி எல்லாம் கைபேசி எண்ணோடு சேர்ந்து ஒரே குப்பியில். ஒருவருடைய சாதி வெளியே தெரிந்தால் வாடகை வீடு போகும், நட்பு போகும், நாங்குநேரிபோல உயிருக்கே ஆபத்து வரும் என்று தெரிந்த நாட்டில் எழுதிய சட்டம் இது.

இதையெல்லாம் சொன்னால், நீங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரிகளா என்று கேட்கிறார்கள். எங்களுக்குச் சிரிப்புதான் வருகிறது. இந்த மலையில் வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர், 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் வேண்டும் என்பது அந்த மாநாட்டின் கோரிக்கைகளில் இருந்தது. அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனும் நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனியில் கணக்கு எழுதியவர்தான். பின்னால் 1893இல் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். பண்டிதர் 1907இல் வாரப் பத்திரிகை தொடங்கியபோது வைத்த பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. அன்றைக்குப் புதிய தொழில்நுட்பம் அச்சு. அதை நம்மவர்கள் எடுத்தபோது முதலில் தீர்மானித்தது அதன் விலையை. கடைசி ஆளின் கைக்கு எட்டுகிற விலை பத்திரிகையின் பெயரிலேயே இருந்தது. கல்வித் துறைக்கு மென்பொருள் செய்கிறவர்கள் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

பெண்களின் விஷயத்தை ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விட முடியாது. வீட்டில் ஒரு போன் இருந்தால் அது அண்ணனிடம் இருக்கும். ‘போன் கையில் இருந்தால் பொண்ணு கெட்டுப்போகும்’ என்று நம் வீடுகளிலும்தான் சொல்கிறார்கள். சாதி ஒழிப்புக் கூட்டத்துக்கு வருகிற அண்ணன்களும் சொல்கிறார்கள். விடுதியில் கைபேசிக்குக் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி போட்ட வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை வீட்டில் அண்ணன்களுக்கும் படித்துக்காட்டுங்கள். 2025 ஜூலையில் தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நல விடுதிகள் உட்பட அரசு மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள். பெயரில் இழிவு நீங்கியது நல்லது. அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் எத்தனை கணினி, எத்தனை மணி நேரம் வைஃபை, பெண்கள் விடுதியிலும் ஆண்கள் விடுதியிலும் ஒரே நேரக் கட்டுப்பாடா என்பதை விடுதி விடுதியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கல்வியாண்டில் நாங்கள் செய்யப் போவதைச் சொல்கிறோம், சேர விரும்புகிறவர்கள் சேருங்கள். விண்ணப்பம் தொடங்கும் முன்பே, மே மாதத்திலேயே, எஸ்டேட் குடியிருப்புகளுக்குப் போகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒவ்வொருவரின் பெயரும் ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு கடைசியாக இணைந்திருக்கிறது, அந்தக் கைபேசி எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து எழுதப்போகிறோம். வங்கி மேலாளரிடம் கேட்டாலே இணைப்பு நிலை தெரிந்துவிடும். இதற்கு இடைத்தரகருக்கு இருநூறு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. இலங்கையிலிருந்து கொண்டுவந்த பழைய குடும்ப அட்டை எந்தப் பெட்டியில் இருந்தாலும் எடுத்துப் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்; பல வீடுகளில் அதைக் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. பள்ளியிலேயே சாதிச் சான்றிதழ் வழங்கும் நடைமுறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அதை எஸ்டேட் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளைகூட விடுபடாமல் முடிக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கிறோம். சாதி விவரத்தோடு வாட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொரு பட்டியலையும், பெயர்களை மறைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேர்த்துவைக்கிறோம்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்விகள். நீலகிரி மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பட்டியல் சாதி மாணவர்கள் எத்தனை பேர், பணம் பெற்றவர்கள் எத்தனை பேர், நிராகரிப்புக்கான காரணங்கள் வகைவாரியாக என்ன? ஆதார் இணைப்பு இல்லாததால் திரும்பிப்போன தொகை எவ்வளவு? மின் இணைப்பு இல்லாத வீடுகளிலிருந்து பள்ளிக்கு வரும் குழந்தைகள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்த அலுவலகத்திலாவது இருக்கிறதா? எமிஸில் ஒரு மாணவரின் சாதி விவரத்தைப் பார்க்கும் அனுமதி எந்தெந்தப் பதவிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆதிதிராவிடர் நலம், பள்ளிக்கல்வி, மின்வாரியம் என்று தனித்தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முப்பத்தொன்றாம் நாள் மேல்முறையீடு எழுத யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே பெயர் கொடுங்கள்.